முதல் பாடவேளையில் பத்து நிமிடம்

எங்கள் பள்ளிச் செயலாளர் எங்கோ ஒரு தியான முகாமில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்த வாரமே ஆசிரியர் கூட்டம் போட்டார். பள்ளி திறந்து நான்காவது நாள். பாடப்புத்தகம் பாதிதான் வந்திருந்தது. என் வகுப்புக்கு இரண்டு பெஞ்சு குறைவு. மின்விசிறியைப் போட்டால் அது கத்தியது, நிறுத்தினால் பிள்ளைகள் கத்தின. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணை மூடியபடியே பேச ஆரம்பித்தார்.

“நாப்பது வருசமா எனக்குக் கோவம் வந்துக்கிட்டே இருந்துது. பேங்க்ல எல்லாருக்கும் தெரியும். மூணே நாளுல போயிட்டு. இது நம்ம பிள்ளேளுக்கும் கிடைக்கணும்.”

அவர் நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளிக்கு வந்தால் முதலில் குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பவர். அவருக்குக் கோபம் வரும் காலத்தில் குழாய்கள் ஒழுங்காக இருந்தன என்பது என் அபிப்பிராயம். அதை நான் சொல்லவில்லை. தாளையும் வெளியே எடுக்கவில்லை.

திட்டம் இதுதான். தினமும் முதல் பாடவேளையில் பத்து நிமிடம் எல்லா வகுப்பிலும் தியானம். கரும்பலகைக்கு மேலே ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி மாட்டப்படும். தலைமையாசிரியர் அறையில் ஒரு சுவிட்சைத் தட்டினால் எல்லா வகுப்பிலும் ஒரே நேரத்தில் குரல் வரும், பின்னாலேயே இசை வரும். பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார வேண்டும். ஆசிரியர் மேற்பார்வை பார்க்க வேண்டும்.

நான் ஆறாம் வகுப்பு ஆ பிரிவுக்கு வகுப்பாசிரியை. என் பாடம் கணக்கு. முதல் பாடவேளை என்னுடையது. நாற்பது நிமிடத்தில் பத்து போனால் கால் பங்கு போனது என்று அர்த்தம். வருகைப்பதிவுக்கு ஐந்து நிமிடம், தாமதமாக வருகிறவர்களின் கதைகளுக்கு ஐந்து. மிச்சமிருக்கும் இருபதில் பின்னத்தை எப்படி நடத்துவது என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

“செஞ்சிருவோம் டீச்சர்,” என்றார். அவர் ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் செஞ்சிருவோம் என்பார்.

சனிக்கிழமை பயிற்சி வைத்தார்கள். சென்னையிலிருந்து கருத்தாளர் வந்திருந்தார். இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பெண், வெள்ளைப் பருத்திச் சுடிதார், கேட்கக் கஷ்டப்பட வேண்டிய அளவுக்கு மெல்லிய குரல். எங்களை எல்லாம் தரையில் உட்காரச் சொன்னார். எனக்கு மூட்டு வலி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழாசிரியர் மூன்றாவது நிமிடமே குறட்டை விட்டார். கருத்தாளர் அதற்கும் சிரித்த முகத்தோடு, “பாருங்க, சார் எவ்ளோ ரிலாக்ஸ் ஆயிட்டாங்க,” என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் தேங்காய் இருக்கிறதா, சாயங்காலம் டவுண் மார்க்கெட்டில் இறங்கிப் போக வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். நான் கேட்டேன்.

“கண்ண மூட மாட்டேங்கிற பிள்ளைய என்ன செய்யணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம் மேடம். மூடச் சொல்லி ஃபோர்ஸ் பண்ணாதீங்க. திறந்துட்டே உக்காரட்டும். சில பிள்ளைங்களுக்கு மூடினா பயமா இருக்கும்.”

இது என்ன பதில் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நாற்பத்தோரு பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒன்று திறந்தால் இன்னும் பத்துத் திறக்கும். இந்தப் பெண் வகுப்பில் நின்று பார்த்ததே கிடையாது என்று முடிவு செய்துகொண்டேன். குறிப்பேட்டில் அதை எழுதக்கூட இல்லை.

அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது.

எங்கள் பள்ளி டவுணில், ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது. காலை ஒன்பதரை மணிக்கு அந்தத் தெருவில் அமைதி என்று ஒன்று கிடையாது. துணிக்கடைக்குச் சரக்கு இறக்கும் வண்டி பின்வாங்குகிறபோது ஒரு பாட்டுப் பாடும். டவுண் பஸ்காரன் முன்னால் நிற்கிற ஆட்டோவை நகர்த்துவதற்காக ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டான். மூன்று வீடு தள்ளி அல்வா கிண்டுகிற இடத்திலிருந்து நெய் வாசம் வரும். காலையில் ஒழுங்காகச் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் இதற்கு நடுவில் மனதை ஒருமுகப்படுத்த வேண்டும்.

பெட்டி பேசியது. “உங்கள் மனத்தைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.”

முதல் வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். “டீச்சர், எனக்குக் காலியாத்தான் இருக்கு. அடுத்து என்ன செய்யணும்?”

அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே அடுத்த படி என்ன என்று கேட்டான். கணக்கு வகுப்பில் அப்படித்தான் நான் பழக்கியிருந்தேன்.

“சும்மா இருலே,” என்றேன்.

“மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்,” என்றது பெட்டி. இரண்டாவது நாளே பையன்கள் அதைப் போட்டியாக்கிவிட்டார்கள். யார் அதிக நேரம் விடாமல் வைத்திருப்பது என்று விரலை மடக்கி எண்ணினார்கள். ஒருவனுக்கு முகம் சிவந்து, கண் பிதுங்கி, பெஞ்சிலிருந்து சரியப் போனான். தண்ணீர் தெளித்து உட்காரவைத்தேன். “எம்பது வரைக்கும் போயிட்டேன் டீச்சர்,” என்றான் பெருமையாக.

கடைசி நான்கு நிமிடம் இசை நின்று, ஆறு ஓடுகிற சத்தம் வரும். சலசலவென்று ஆரம்பித்து, நெருங்கி வந்து, வகுப்பறை முழுக்க நிறைந்து, பிறகு குறையும். செயலாளருக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். பிள்ளைகளுக்கு அதைக் கேட்டதும் ஒன்றுக்கு வந்தது. தினமும் அந்த நான்கு நிமிடத்தில் ஏழெட்டுச் சுண்டுவிரல்கள் உயர்ந்தன. ஒன்றிலிருந்து எட்டு வரை எல்லா வகுப்பிலும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. கழிப்பறை வாசலில் வரிசை நின்றது. அந்த வரிசை முடிந்து பிள்ளைகள் திரும்ப வந்து சேர்வதற்குள் என் பாடவேளை முடிந்துவிடும்.

இரண்டாவது வாரம் பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள். மேலப்பாளையத்திலிருந்து ஒரு தகப்பனார் வந்து, மிகவும் தன்மையாக, “இதுல சாமி கும்பிடுறது எதுவும் இல்லைல்லா டீச்சர்?” என்று கேட்டார். இல்லை என்றேன். ஆசுவாசமாகப் போனார். மறுநாள் வேறொரு பிள்ளையின் பெரியப்பா வந்து, “கண்ண மூடி உக்காத்துதீங்க, ஒரு தேவாரம் கூடப் போட மாட்டேங்கீங்க, அப்புறம் இது என்னத்துக்கு?” என்று சத்தம் போட்டார். இன்னொரு தாயார், வேதக்கோயில் பிள்ளைகள் மனதுக்குள் அவர்கள் ஜெபத்தைச் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டுவரத் தன் மகளையே அனுப்பினார். மூன்று கேள்விகளையும் தலைமையாசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் மூன்றுக்கும் செஞ்சிருவோம் என்று சொல்லிவிட்டு, “நீங்களே பேசி முடிச்சிருங்க டீச்சர்,” என்றார்.

வீட்டில் என் கணவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “நீ கொஞ்சம் தியானம் பண்ணிப் பாரேன், இப்பிடிக் கத்தாம இருக்கலாம்லா,” என்றார். அன்று அவருக்குத் தோசை கருகித்தான் கிடைத்தது.

இதற்கு நடுவில்தான் அந்தப் பிள்ளை.

மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும். வேறு பள்ளியில் ஐந்தாவது முடித்துவிட்டு அந்த ஜூனில்தான் எங்களிடம் சேர்ந்திருந்தது. அதிகம் பேசாது. கணக்கில் கெட்டி. மற்றவர்கள் பகு எண்ணையும் பகா எண்ணையும் குழப்பிக்கொண்டிருக்கும்போது தன் நோட்டை முடித்து மூடிவைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்த பிள்ளை என்றே சொல்லலாம்.

அவள் கண்ணை மூடவில்லை. முதல் நாளிலிருந்தே மூடவில்லை. எட்டிப் பார்ப்பதோ சிரிப்பதோ கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகலமாகத் திறந்து ஜன்னலையே பார்ப்பாள். ஆற்றுச் சத்தம் வரும்போது இமைக்கக்கூட மாட்டாள்.

நான் எதிர்பார்த்த மாதிரியே அவளைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளைகளும் திறக்க ஆரம்பித்தன. “அவ மட்டும் மூட மாட்டேங்கா டீச்சர்,” என்று தினம் ஒரு புகார். நல்லபடியாகச் சொன்னேன். கேட்கவில்லை. “ஏட்டி, உனக்கு மட்டும் தனிச் சட்டமா?” என்று அதட்டினேன். தலையைக் குனிந்துகொண்டாள், கண்ணை மூடவில்லை. ஒருநாள் நிற்கவைத்தேன். நின்றாள். நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

அது நடந்தது மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. அன்று காலையிலேயே எனக்கு எல்லாம் கோணலாகப் போயிருந்தது. பஸ் வரவில்லை. வண்ணார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வந்தேன். தலைமையாசிரியர் வாசலிலேயே பிடித்து, செயலாளர் இன்று சுற்றிப் பார்க்க வருகிறார், எல்லா வகுப்பும் நன்றாக இருக்க வேண்டும் என்றார். பெட்டி பேச ஆரம்பித்தது. என் வகுப்பு ஆச்சரியமாக அன்று அடங்கி உட்கார்ந்தது. நாற்பது பிள்ளைகள் கண்ணை மூடியிருந்தன. அவள் மட்டும் திறந்திருந்தாள். வராந்தாவில் செயலாளரின் செருப்புச் சத்தம் கேட்டது.

நான் பைய அவள் பின்னால் போனேன். ஆற்றுச் சத்தம் தொடங்கியிருந்தது. குனிந்து, “இன்னைக்கு ஒரு நாள் மூடு,” என்று காதோடு சொல்லி, என் வலது கையால் அவள் இரண்டு கண்ணையும் பொத்தினேன்.

அவ்வளவுதான் செய்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை, கிள்ளவில்லை, வெறுமனே கையை வைத்தேன் என்று.

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது, தொண்டையில் ஏதோ அடைத்து வெளியே வருகிற மாதிரி. என் கையைப் பிடித்து விரல்களை நகத்தால் பிறாண்டி இழுத்தாள். பலமாக எழுந்ததில் அவள் தலை என் முகத்தில் இடித்து மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அதன் மேலேயே மிதித்துக்கொண்டு, பெஞ்சைத் தாண்டி, வாசலில் நின்ற செயலாளரைத் தள்ளிவிட்டு ஓடினாள். வகுப்பு முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டது. பெட்டியில் ஆறு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளியின் வெளிவாசலில் ஆயாம்மா அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தார். அவள் ஆயாம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் அந்தப் பக்கம் நகர்ந்தாள். என் கையில் நாலு கோடு ரத்தம் வந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நிர்வாகத்தின் மேலா, அந்தப் பிள்ளை மேலா, எதன் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானம் அவள் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டவுணிலேயே ஒரு துணிக்கடையில் ரவிக்கைத் துணி பிரிவில் வேலை பார்ப்பவர். கடையின் நீலச் சேலையோடு, ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். தலைமையாசிரியர் அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் பிறாண்டல் பட்ட கையை மேசை மேல் எடுத்துவைத்துக்கொண்டு பேசினேன். ஒழுங்கு என்றேன். மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார்.

“கண்ண பொத்துனீங்களா டீச்சர்?”

“சும்மா கைய வச்சேன்.”

“அந்தத் தண்ணிச் சத்தம்னு சொல்லுதாளே, அப்பமும் அது கேட்டுக்கிட்டு இருந்துச்சா?”

“ஆமா.”

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர்கள் குடியிருந்தது குறுக்குத்துறைப் பக்கம், ஆற்றை ஒட்டிய தெரு. அதற்கு முந்தைய மார்கழியில் வந்த வெள்ளத்தைத் தவிர ஆறு மாதமாக எங்கள் ஊரில் வேறு பேச்சே கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எனக்கும் தெரியும். எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் இருந்ததோடு போயிற்று.

“காலைல பத்து மணி இருக்கும் டீச்சர். தண்ணி வாசப்படி ஏறிட்டு. எதுத்த வீட்டு மாடிக்கு எல்லாரும் போயிட்டோம். இவ கைப்பிடிச் சுவரப் பிடிச்சுக்கிட்டு எங்க வீட்டையே பாத்துக்கிட்டு நின்னா. பின்பக்கச் சுவரு சாஞ்சுது. பிள்ள பயந்துரக் கூடாதேன்னு நாந்தான் மடில இழுத்துப் போட்டு, பாக்காத மக்கா, கண்ண மூடிக்கோன்னு பொத்திக்கிட்டேன். கொஞ்ச நேரந்தான். கைய எடுக்கும்போது வீடு இல்ல. ஓடு, கதவு, ஒண்ணுமே இல்ல. தண்ணிதான் போய்க்கிட்டு இருந்துது.”

தலைமையாசிரியர் பேனாவை மூடினார்.

“அழக்கூட இல்ல அவ. ‘நான் பாத்துக்கிட்டுதானம்மா இருந்தேன், எதுக்கு மூடச் சொன்ன’ன்னு கேட்டா. அதுல இருந்து இப்பிடித்தான். குளிக்கும்போது சோப்புப் போட்டாக்கூட கண்ணத் தொறந்துதான் வச்சிருப்பா. எரியுதுன்னு சொல்லுவா, மூட மாட்டா.”

நான் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளில் பல பேருக்கு அசல் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ‘வெள்ளத்தில் தவறியது’ என்று சேர்க்கைப் பதிவேட்டில் நானே என் கையால் எழுதியிருந்தேன். அவள் பெயருக்கு எதிரேயும் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருந்தேன்.

அவர் கிளம்பும்போது, “கண்ணாடி ஒடஞ்சு போச்சாமே டீச்சர்,” என்றார். அதை விடுங்கள் என்றேன்.

அன்று சாயங்காலம் கருத்தாளருக்குப் போன் செய்தேன். அந்த ஆற்றுச் சத்தத்தை எடுத்துவிட்டு வேறு போட முடியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். ஏன் என்று கேட்டதால் நடந்ததைச் சொன்னேன். அவர் அதே மெல்லிய குரலில், “நான் அன்னைக்கே சொன்னேனே மேடம், ஃபோர்ஸ் பண்ண வேணாம்னு,” என்றார்.

என் வயதில் பாதி இருக்கிற ஒரு பெண் சரியாகச் சொன்னதை நான் கேட்டும் கேட்காமல் விட்டது போக, இப்போது அதை அவள் வாயாலேயே இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, “ஆமா, சொன்னீங்க,” என்றேன். வேறு ஒலிப்பதிவு அனுப்புவதாகச் சொன்னார். மறுநாளே அனுப்பியும் விட்டார், குருவிச் சத்தம்.

அதை மாற்றுவதற்குத்தான் நான் பட்ட பாடு. தலைமையாசிரியர், செயலாளரைக் கேட்காமல் மாற்ற முடியாது என்றார். செயலாளரிடம் போனேன். அவர் நான் சொன்னதைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார், அந்தப் பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றார். “ஆனா டீச்சர், ஒரு பிள்ளைக்காக எல்லாருக்கும் நிறுத்துறதா? மத்தவங்களுக்கு அது எவ்வளவு இதமா இருக்கு,” என்றார். ஆற்றங்கரை ஊரில், வெள்ளம் போய் ஆறே மாதத்தில், எத்தனை பிள்ளைகள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். கமிட்டியில் வைத்துப் பார்க்கலாம் என்றார். கமிட்டி ஆவணியில் கூடும்.

மறுநாள் காலை பிள்ளைகள் வருவதற்கு முன் வகுப்புக்குப் போய், மேசை மேல் நாற்காலியைப் போட்டு ஏறி, பெட்டியின் பின்னால் இருந்த வயரைப் பிடுங்கினேன். மூட்டு வலியோடு இறங்கத்தான் கஷ்டமாக இருந்தது. மூன்று நாள் கழித்து எலக்ட்ரிசியன் அண்ணாச்சி வந்து, எலி கடித்திருக்கும் என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனார். மறுபடி ஏறிப் பிடுங்கினேன். இரண்டாவது முறை வந்தபோது அவர் வயரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “எலி பெரிசா இருக்கும் போலுக்கே,” என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்த அன்று வராந்தாவில் கூப்பிட்டு நிறுத்தினேன்.

“நான் அப்பிடிக் கையை வச்சது தப்பு,” என்றேன். “இனிமே செய்ய மாட்டேன். நீ கண்ணத் தொறந்தே இரு.”

அவள் என் புதுக் கண்ணாடியைப் பார்த்தாள். “இது பழைய கண்ணாடி மாதிரி இல்ல டீச்சர். பெரிசா இருக்கு,” என்றாள். சரி என்றேன். உள்ளே போனாள்.

பெட்டி வேலை செய்யாவிட்டாலும் பத்து நிமிடத்தை நான் கணக்குக்கு எடுத்துக்கொள்ள முடியவில்லை. தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்து பார்த்துக்கொண்டு போவார். அதனால் பிள்ளைகளிடம், சும்மா உட்காருங்கள், மூட வேண்டும் என்றால் மூடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம், பேச மட்டும் கூடாது என்று சொன்னேன். ஒருவரும் மூடவில்லை. நாற்பத்தொரு ஜோடிக் கண்கள் என்னையே பார்த்தன. அது இன்னும் மோசம். இரண்டு நாள் அப்படிப் போனது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, பேனா உருட்டி, கடைசியில் நான் கத்தி முடிந்தது.

மூன்றாவது நாள் அவள் எழுந்து நின்றாள். “டீச்சர், நான் வேணா வாசல்ல நிக்கட்டா?”

“எதுக்கு?”

“நான் பாத்துக்கிடுதேன். இவங்கல்லாம் மூடட்டும். ஏதாச்சும் வந்தா நான் சொல்லுதேன்.”

என்ன வரப்போகிறது என்று ஒருவனும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். போய் நில் என்றேன். அவள் கதவுப் பக்கம் போய், தெருவும் தெரிகிற மாதிரி, வகுப்பும் தெரிகிற மாதிரி சாய்ந்து நின்றாள். “மூடிக்கோங்க,” என்றாள். மூடினார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான்கு நிமிடம் இருக்கும், வகுப்பு அப்படியே இருந்தது. வெளியே துணிக்கடை வண்டி பாடிக்கொண்டுதான் இருந்தது. பெரிய அமைதி, ஞானம் என்றெல்லாம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு பேர் தூங்கினார்கள். ஒருத்தி வீட்டுக்கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்ததாகப் பிறகு சொன்னாள்.

“நீங்களும் மூடுங்க டீச்சர்,” என்றாள் வாசலிலிருந்து.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. மூடினேன். தேங்காய் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போனது.

இப்படி ஆடி, ஆவணி வரை ஓடியது. ஒருநாள் செயலாளர் வந்து வாசலில் நின்ற அவளைப் பார்த்து, “நீ ஏம்மா வெளியில நிக்க? தண்டனையா?” என்று கேட்டார். “இல்ல சார், காவலுக்கு,” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வருகைப்பதிவேட்டைப் பார்த்தேன். கமிட்டியில் அந்த ஒலிப்பதிவை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். மாற்றுவதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது. மதிப்பெண் குறைந்திருந்தது. பாடநேரம் போதவில்லை என்று எட்டாம் வகுப்புப் பெற்றோர் வந்து சண்டை போட்டார்கள். ஐப்பசியில் தியானம் நின்றது. யாரும் கூட்டம் போட்டு நிறுத்தவில்லை, சுவிட்சைத் தட்டுவதை விட்டுவிட்டார்கள். அந்தப் பெட்டியில் இப்போது காலையில் ஆங்கிலச் சொற்கள் வருகின்றன. என் வகுப்பில் அதுவும் வராது. வயர் இன்னும் தொங்குகிறது.

வருஷக் கடைசியில் அவளையும் கூட்டிக்கொண்டு அவள் அம்மா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். பாளையங்கோட்டைப் பக்கம் மேட்டில் ஒரு வீடு கிடைத்துவிட்டதாம், பக்கத்திலேயே பள்ளி இருக்கிறதாம்.

“நல்ல பள்ளிக்கூடம்னு சொல்லுதாங்க டீச்சர். காலைல யோகா எல்லாம் உண்டாம்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஒரு தாளைக் கிழித்து, அங்கே இருக்கப்போகிற, யார் என்றே தெரியாத வகுப்பாசிரியருக்கு எழுத உட்கார்ந்தேன். முதலில் நடந்தது முழுவதையும் எழுதினேன். படித்துப் பார்த்தபோது என்னை நல்லவளாகக் காட்டிக்கொண்டு எழுதியிருப்பது தெரிந்தது. கிழித்தேன். இரண்டாவதில் வெள்ளத்தைப் பற்றி எழுதினேன். அதை அவளல்லவா சொல்ல வேண்டும், நான் யார் என்று தோன்றியது. அதையும் கிழித்தேன். மூன்றாவது தாளில், இந்தப் பிள்ளை கணக்கில் கெட்டி, கண்ணை மூடச் சொல்ல வேண்டாம், மற்றபடி எந்தத் தொந்தரவும் இல்லை என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அம்மா அதைப் படிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்தார். போய்ச் சேர்ந்ததா, கொடுத்தாரா, அந்த ஆசிரியர் என்னைப் போல ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது. மாற்றுச் சான்றிதழில் தலைமையாசிரியரின் முத்திரை வேண்டியிருந்தது. அவர் சாப்பிடப் போயிருந்தார். நாங்கள் மூவரும் அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். புது வீட்டில் மாடிக்குப் போக எத்தனை படி, மாடியிலிருந்து எதுவரைக்கும் தெரிகிறது என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.